ஐகன் மதிப்பு கண்டுபிடிக்கத் தெரியும், அது என்னவென்று தெரியாது

கேள்வி:

ஐயா, வணக்கம். எங்கள் ஊர் ஆத்தங்குடிக்குப் பக்கம். அப்பா தரைக்கல் (டைல்) செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிளஸ் டூ கணிதத்தில் 91 மார்க். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) முதலாம் ஆண்டு. முதல் இன்டர்னலில் கணிதத்தில் 50க்கு 11 வாங்கியிருக்கிறேன். வகுப்பில் நடத்துவதை எல்லாம் நோட்டில் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எதுவும் மனதில் நிற்பதில்லை. ஐகன் மதிப்பு கண்டுபிடிக்க ஸ்டெப் தெரியும், ஆனால் அது என்ன என்று கேட்டால் தெரியாது. "கோட்டாவில் வந்தவர்களுக்கு மேத்ஸ் வராது" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். அப்பாவிடம் இன்னும் மார்க்கைச் சொல்லவில்லை. இதை விட்டுவிட்டு வேறு ஏதாவது டிகிரிக்கு மாறிவிடலாமா? விடைத்தாளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

மாற வேண்டாம். உன் விடைத்தாளை வரி வரியாகப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் உனக்கு, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

உனக்குப் போன 39 மார்க்கும் எங்கெங்கே போனது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். கூட்டல் கழித்தல் குறி, பின்னம், அடுக்கு, வர்க்கமூலம் ஆகியவற்றில் மட்டும் 17 மார்க் போயிருக்கிறது. கேள்வி என்ன கேட்கிறது என்று பிடிபடாததால் 12 மார்க். இந்த செமஸ்டரில் நடத்திய பாடம் நிஜமாகவே தெரியாமல் போனது மிச்சமுள்ள 10 மார்க்தான். கல்லூரிக் கணிதம் வராதவர் என்று நீ உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறாய். தாள் அப்படிச் சொல்லவில்லை. எட்டாவது, ஒன்பதாவது வகுப்புக் கணக்கில் நாலைந்து இடங்களில் ஓட்டை இருக்கிறது. அது அடைக்கக்கூடிய ஓட்டை.

மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள். எக்ஸுடன் 9-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதில் 3-ஐக் கழித்து, எக்ஸால் வகுக்க வேண்டும். எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது எல்லை மதிப்பு என்ன? நீ முதல் வரியிலேயே 'எக்ஸ் கூட்டல் 9'-இன் வர்க்கமூலத்தை 'எக்ஸின் வர்க்கமூலம் கூட்டல் 3' என்று பிரித்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ எழுதிய ஆறு வரியிலும் தவறே இல்லை. முதல் வரி சாய்ந்ததால் "எல்லை இல்லை" என்று முடித்திருக்கிறாய். எக்ஸுக்கு 16 போட்டுப் பார்த்திருந்தால் போதும். 16-உம் 9-உம் 25, வர்க்கமூலம் 5. உன் முறைப்படி 4-உம் 3-உம் 7. அரை நிமிட வேலை, உடனே பிடிபட்டிருக்கும்.

இந்த ஒரு தவற்றை நான் பெரிதாகப் பேசக் காரணம் உண்டு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இதே தவறுதான், வேறு வேறு உடுப்பில் வரும். கூட்டி வர்க்கமாக்குவதை வர்க்கமாக்கிக் கூட்டுவதாக எழுதுவார்கள். சைனுக்குள் இருக்கும் கூட்டலைப் பிரித்து இரண்டு சைனாக்குவார்கள். 'ஒன்றின் கீழ் அ கூட்டல் ஆ' என்பதை இரண்டு பின்னமாக உடைப்பார்கள். எல்லாவற்றையும் நேர்கோடு போல நடத்துகிறோம் என்பதுதான் அடியில் இருக்கும் பிழை. உள்ளே கூட்டினாலும் வெளியே கூட்டினாலும் ஒரே விடை தருவதை 'நேரியல்' என்கிறோம். வர்க்கமூலம் நேரியல் இல்லை, சைன் நேரியல் இல்லை. உலகத்தில் பெரும்பாலானவை வளைந்தவை.

நீ படிக்கும் தாளின் பெயரில் 'அணிகள்' என்றும் 'நுண்கணிதம்' என்றும் இரண்டு இருக்கிறதல்லவா? இரண்டையும் ஒட்டாத இரண்டு பாடமாகத்தான் வகுப்பில் நடத்துவார்கள். நான் 36 வருடம் இதை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒன்றுதான். நேராக இருப்பதை முழுசாகப் புரிந்துகொள்வது அணிகள். வளைந்ததை மிக அருகில் போய்ப் பார்த்தால் நேராகத் தெரியும், அப்படிப் பார்ப்பது நுண்கணிதம். நீ தவறவிட்ட அந்தக் கேள்வியின் விடை 1/6. அது என்ன 1/6? 9-க்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் வர்க்கமூலம் 1/6 சாய்வுள்ள நேர்கோடு போலத் தெரிகிறது. 9.01-இன் வர்க்கமூலத்தைக் கால்குலேட்டரில் போடு, 3.00167 வரும். 0.01-ஐ ஆறால் வகுத்து 3-உடன் கூட்டினாலும் அதேதான் வரும். வகைக்கெழு என்றால் இவ்வளவுதான். இதை ஒரு தடவை உன் கையால் செய்துபார்த்துவிட்டு மேலே படி.

அடுத்து ஐகன் மதிப்பு. உன் அப்பா பட்டறையில் இருப்பதால் எனக்கு வேலை சுலபம். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் சாயச் சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டுக் கரணையால் மட்டம் பண்ணுவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பாய். அப்படிச் செய்த சதுரக் கல்லைக் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டின் பட்டாலை முழுக்க, அதாவது கூடம் முழுக்க, பதித்திருப்பதாக வைத்துக்கொள். ஒரு மூலையில் நீ நிற்கிறாய். கிழக்கே ஒரு கல் நீளம் ஓர் அம்பு. வடக்கே ஒரு கல் நீளம் இன்னோர் அம்பு. இந்த இரண்டு அம்பும் தெரிந்தால் தரையில் எந்த மூலைக்கும் வழி சொல்லிவிடலாம்: கிழக்கே 3, வடக்கே 5 என்பது போல.

இப்போது தரை முழுவதையும் ரப்பர் போல இழுக்கிறோம். நேர்கோடு நேர்கோடாகவே இருக்க வேண்டும், நீ நிற்கும் மூலை நகரக் கூடாது. இது மட்டும்தான் நிபந்தனை. கிழக்கு அம்பு இழுபட்டுக் 'கிழக்கே 2, வடக்கே 1' என்ற இடத்தில் முடிகிறது. வடக்கு அம்பு 'கிழக்கே 1, வடக்கே 2' என்ற இடத்தில் முடிகிறது. இந்த இரண்டையும் மேலிருந்து கீழாக இரண்டு நிரலாக எழுது. முதல் நிரல் 2, 1. இரண்டாம் நிரல் 1, 2. அதுதான் அணி. அணி என்பது அடைப்புக்குள் அடுக்கிய எண்கள் என்றுதானே உனக்குச் சொல்லியிருப்பார்கள்? இரண்டு அம்பும் எங்கே போய் விழுந்தன என்ற குறிப்பு அது. கிழக்கே 3, வடக்கே 5-இல் இருந்த மூலை எங்கே போகும்? முதல் நிரல் மூன்று தடவை, இரண்டாம் நிரல் ஐந்து தடவை, இரண்டையும் கூட்டு: கிழக்கே 11, வடக்கே 13. அணிப் பெருக்கலை ஏன் அந்த விசித்திரமான முறையில் செய்கிறோம் என்று பள்ளியில் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணம் இதுதான்.

இழுத்த பிறகு ஒவ்வொரு சதுரக் கல்லும் சாய்ந்த இணைகரமாகிவிட்டது. எல்லாம் ஒரே மாதிரிச் சாய்ந்த கல்தான். ஒரு கல்லின் பரப்பு எத்தனை மடங்கு ஆனது? 2 பெருக்கல் 2, அதில் 1 பெருக்கல் 1 கழித்தால் 3. அணிக்கோவை என்று நீ வாய்ப்பாடு போலப் போடும் எண் இதுதான், கல்லின் பரப்பு எத்தனை மடங்கு ஆகிறது என்பது. கட்டம் போட்ட தாளில் வரைந்து பரப்பைக் கணக்கிட்டுப் பார், சரியாக 3 வரும். நிரல்கள் 2, 1 என்றும் 4, 2 என்றும் இருந்தால்? இரண்டு அம்பும் ஒரே திசையில் படுத்துவிட்டன. பட்டாலை முழுவதும் நசுங்கி ஒரே கோடாகிவிட்டது. பரப்பு பூஜ்யம், அணிக்கோவை பூஜ்யம். கோடாகிப்போனதை மறுபடி தரையாக விரிக்க முடியாது, அதனால்தான் நேர்மாறு அணி இல்லை. பரப்பு போய் நீளம் மட்டும் மிஞ்சியதால் அணித்தரம் 1. மூன்று தனித்தனி விதியாக மனப்பாடம் செய்தாயே, மூன்றும் நசுங்கின ஒரு கல்தான்.

சரி, ஐகனுக்கு வருவோம். இழுப்பதற்கு முன் தரையில் எல்லாத் திசையிலும் சாக்பீஸால் கோடு போடு. இழுத்தால் அநேகமாக எல்லாக் கோடும் திசை மாறும். கிழக்குக் கோடு வடகிழக்காகச் சாய்ந்ததைப் பார்த்தோம். ஆனால் 'கிழக்கே 1, வடக்கே 1' என்ற மூலைவிட்டக் கோடு எங்கே போகிறது? கிழக்கே 3, வடக்கே 3. அதே திசை, மூன்று மடங்கு நீளம். 'கிழக்கே 1, தெற்கே 1' என்ற கோடு போட்டது போட்டபடியே இருக்கிறது, ஒரு மடங்கு. தரை முழுவதும் கலைந்தபோது தன் திசையை விடாதவை இந்த இரண்டும்தான். ஐகன் என்பது ஜெர்மன் சொல். 'சொந்த' என்று பொருள். அந்த அணியின் சொந்தத் திசைகள் இவை இரண்டும். நீளம் எத்தனை மடங்கு ஆனதோ அந்த எண்கள், 3-உம் 1-உம், ஐகன் மதிப்புகள்.

இதை வைத்து உன் விடையை நீயே சரிபார்க்கலாம். ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகை வர வேண்டும்: 3-உம் 1-உம் 4, 2-உம் 2-உம் 4. பெருக்கினால் அணிக்கோவை வர வேண்டும்: 3. தேர்வில் உன் முதல் கேள்வியில் 'கழித்தல் கழித்தல் 2' கழித்தல் 2-ஆகவே நின்றுவிட்டது. அதனால் ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை 7 வந்திருக்கிறது. மூலைவிட்டத்தைக் கூட்டினால் 5. ஐந்து விநாடியில் தவறு தெரிந்திருக்கும், ஏழு மார்க் மிஞ்சியிருக்கும்.

உன் துறைக்கு இது எதற்கு? ஒரு சர்க்யூட்டில் சுவிட்சைப் போட்டதும் மின்னோட்டம் ஒரு நிலைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும், ஆடி ஆடி அடங்குமா, நேராக அடங்குமா என்பதையெல்லாம் ஒரு அணியின் ஐகன் மதிப்புகள்தான் சொல்கின்றன. இரண்டாம் ஆண்டில் பார்ப்பாய்.

இனி ஆங்கிலத்தில் போன 12 மார்க். நாலாவது கேள்வியில் கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, 'ஹென்ஸ்' நேர்மாறு அணியைக் காணச் சொல்லியிருக்கிறார்கள். நீ தேற்றத்தைச் சரியாகச் சரிபார்த்தாய். அப்புறம் நேர்மாறைப் பள்ளியில் படித்த நீளமான முறையில் கண்டுபிடித்திருக்கிறாய். விடை சரி, மார்க் பூஜ்யம். 'ஹென்ஸ்' என்றால் 'இப்போது கண்டதைக் கொண்டே' என்று அர்த்தம். மேலே சொன்ன அதே அணியில் பார்: அணியின் வர்க்கத்திலிருந்து அணியின் நாலு மடங்கைக் கழித்து அலகு அணியின் (எதையும் மாற்றாமல் அப்படியே விடும் அணி) மூன்று மடங்கைக் கூட்டினால் பூஜ்யம். இதை ஒரு தடவை நேர்மாறால் பெருக்கினால் போதும். அலகு அணியின் நாலு மடங்கிலிருந்து அணியைக் கழித்து மூன்றால் வகுத்தால் அதுவே நேர்மாறு. இரண்டு வரி.

இப்படிக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் முப்பதுக்கு மேல் இருக்காது. 'ஹென்ஸ்', 'வெரிஃபை', 'எவால்யுவேட்', 'ரெஸ்பெக்டிவ்லி', 'சச் தட்', 'அட் மோஸ்ட்', 'நான்-ஜீரோ'. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எதிரே தமிழில் பொருள் எழுதிவை. இன்னொரு நல்ல வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே அமைப்பில் இருக்கிறது. அதே பாடம், அதே எடுத்துக்காட்டு. இரண்டும் இலவசமாக இணையத்தில் கிடைக்கும். நீ தமிழில் நன்றாகப் படித்த அணிகள் பாடத்தையும் நுண்கணிதப் பாடத்தையும் ஆங்கிலப் புத்தகத்தில் பக்கத்தில் வைத்து வாசி. ஏறுபடி வடிவம், நேர்மாறு, பகுதி வகைக்கெழு எல்லாம் ஆங்கிலத்தில் என்ன பெயரில் உலாவுகின்றன என்று தெரிந்துவிடும். உனக்குத் தெரிந்த விஷயத்துக்குப் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. யோசிப்பதைத் தமிழிலேயே யோசி, அதில் ஒரு குறைவும் இல்லை. எழுதும்போது ஆங்கிலத்தில் எழுது.

நானும் தமிழ் வழியில் வந்தவன்தான். பி.யூ.சி. என்ற அந்தக் காலப் புகுமுக வகுப்பின் முதல் தேர்வில் என் தாளை ஓர் ஆசிரியர் வகுப்பு முழுக்கப் பார்க்கத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் கடைசி பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. இன்னோர் ஆசிரியர்தான் வராந்தாவில் கூப்பிட்டு, "சாய்வு என்றால் என்ன, தமிழிலேயே சொல்" என்றார். சொன்னேன். "அவ்வளவுதானே, இது தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் ஆறு மாசத்தில் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் கல்லூரியிலும் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கத் தயங்காதே. "சார், எதுவும் புரியலை" என்று போய் நிற்காமல், நீ போட்ட சம்மைக் கையில் எடுத்துப் போய் "இந்த வரி வரைக்கும் வந்தேன், இதற்கு மேல் ஏன் இப்படி?" என்று கேள். அப்படிக் கேட்கும் பிள்ளையை நான் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை.

தொகையீடு உனக்கு அடுத்த இன்டர்னலில் வரும். அதற்கு இப்போதே ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள். நம் ஊர் ஊரணி. அடித்தளம் 20 மீட்டர் சதுரம், நாலு பக்கமும் கரை சரிவாக ஏறுகிறது, ஒரு மீட்டர் மேலே போனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் விலகும். ஆழம் 5 மீட்டர், மேல் விளிம்பு 30 மீட்டர் சதுரம். அடியில் தண்ணீர் மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏற 4,000 லிட்டர் வேண்டும். விளிம்புக்குப் பக்கத்தில் அதே ஒரு சென்டிமீட்டருக்கு 9,000 லிட்டர். ஐப்பசி மழையில் முதலில் மளமளவென்று ஏறிய ஊரணி பிறகு மெதுவாக ஏறுவதைப் பார்த்திருப்பாய், மழை குறையாமல் இருந்தாலும். மட்டத்தைப் பொறுத்து நீர் அளவின் வகைக்கெழு என்பது அந்த மட்டத்தில் நீர்ப்பரப்பின் அளவு. கண்ணுக்கு நேரே தெரியும் வகைக்கெழு அது.

இதையே திருப்பிப் போட்டால் தொகையீடு. ஊரணி நிரம்ப எவ்வளவு தண்ணீர்? மெல்லிய தட்டுத் தட்டாக அடுக்கிக் கூட்ட வேண்டும். பலர் அடிப்பரப்பு 400, மேல்பரப்பு 900, சராசரி 650, ஐந்தால் பெருக்கினால் 3,250 கன மீட்டர் என்பார்கள். தொகையிட்டுப் பார்த்தால் 3,166 சொச்சம்தான் வரும். எண்பது கன மீட்டருக்கு மேல் ஏன் வித்தியாசம்? பரப்பு நேர்கோடாக வளரவில்லை, வளைந்து வளர்கிறது. வளைந்ததை நேர் என்று வைத்துக்கொண்டதற்கான விலை அது. வர்க்கமூலத்தைப் பிரித்தபோது நீ செய்ததும் இதே தவறுதான். நடுமட்டத்தில் பரப்பு 625. அதை நாலு தடவை, அடியையும் மேலையும் ஒவ்வொரு தடவை சேர்த்து, ஆறால் வகுத்து, ஐந்தால் பெருக்கு. அச்சாக 3,166 சொச்சம் வரும். எண்ணியல் முறைகள் படிக்கும்போது சிம்ப்சன் விதி என்று இது வரும், அப்போது ஊரணி நினைவுக்கு வரட்டும்.

கடைசி அலகில் பன்மைத் தொகையீடு வரும். ஆரமும் கோணமும் வைத்துத் தொகையிடும்போது 'ஆரம்' என்ற ஒரு காரணியைச் சேர்க்கச் சொல்வார்கள். வகுப்பில் பாதிப் பேர் அதை மறந்து மார்க்கை விடுவார்கள், ஏன் வருகிறது என்று தெரியாததால். வட்டக் கிணற்றைச் சுற்றித் தரை போடுவதை அப்பாவிடம் கேள். கிணற்று விளிம்பிலிருந்து வெளியே வரிசை வரிசையாகப் போகப்போக, அதே கோண அகலத்துக்குக் கல் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும். கல்லின் ஒரு பக்கம் ஆரத்தின் சிறு ஏற்றம். மறுபக்கம் ஆரத்தைச் சிறு கோணத்தால் பெருக்கியது. ஆகவே பரப்பில் ஆரம் வந்துதான் தீரும். ஜேகோபியன் என்று பெரிய பெயர் வைத்து ஓர் அணிக்கோவை போடச் சொல்வார்கள். அது நாம் பட்டாலையில் பார்த்த அதே 'ஒரு கல் எத்தனை மடங்கு ஆனது' என்ற எண்தான். வளைந்த இடத்தில் இடத்துக்கு இடம் மாறுகிறது, அது ஒன்றுதான் வித்தியாசம். அணிகளும் நுண்கணிதமும் ஒன்று என்று சொன்னேனே, அது இங்கே கைகோத்து நிற்கும்.

இனி எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். முதல் பத்து நாள் கல்லூரிக் கணிதத்தைத் தொடாதே. எட்டாம், ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புத்தகங்களை எடுத்து முற்றொருமை, காரணிப்படுத்தல், பின்னம், அடுக்கு, முக்கோணவியல் இவற்றில் தினமும் இருபது சம் போடு. வெட்கப்பட ஒன்றுமில்லை, உன் 17 மார்க் அங்கேதான் கிடக்கிறது. அதன் பிறகு அன்றன்று நடத்தியதை அன்று இரவே. நோட்டை வாசிப்பது படிப்பு இல்லை. வகுப்பில் போட்ட சம்மின் கேள்வியை மட்டும் தனித் தாளில் எழுதிக்கொண்டு நோட்டை மூடி வைத்துவிட்டுப் போடு. எங்கே நின்றாயோ அங்கே மட்டும் நோட்டைத் திறந்து பார், மறுபடி மூடு. இரண்டு நாள் கழித்து அதே சம்மை மறுபடி போடு. இப்படி மூன்று சம் போட்டால் முப்பது சம்மை வாசித்ததைவிடக் கூட நிற்கும். விடை வந்ததும் ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார்க்காமல் அடுத்த சம்முக்குப் போகாதே. டவுன் பஸ்ஸில் போகிற நேரத்தில் சம் போட வராது, அப்போது முந்தின நாள் படித்ததை மனதுக்குள் தமிழில் ஒருவருக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார். எந்த இடத்தில் சொல்ல வரவில்லையோ அந்த இடம் உனக்குப் புரியவில்லை. என்பிடெல் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன, ஆனால் அடுத்த இன்டர்னல் முடியும் வரை வீடியோ பக்கம் போகாதே. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்கும். தேர்வில் எழுதுவது கைதான்.

கோட்டா பேச்சுக்கு வருகிறேன். பொறியியல் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2021-இல் தமிழக சட்டமன்றம் சட்டமாகவே நிறைவேற்றியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மார்க் வரிசையில் போட்டியிட்டுத்தான் நீ அந்த இடத்தை எடுத்திருக்கிறாய். யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை. பேசுகிற பிள்ளைகளில் பலருக்கு டியூஷன் இருந்தது, கேள்வியை வாசித்ததும் புரிகிற ஆங்கிலம் இருந்தது. உனக்கு இரண்டும் இல்லை. அந்த வித்தியாசம் முதல் இன்டர்னலில் பெரிதாகத் தெரியும், நாலாவது செமஸ்டரில் தேட வேண்டியிருக்கும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, வருடா வருடம் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். அவர்களோடு வாதம் வேண்டாம். உன்னைப் போலவே தடுமாறுகிற பிள்ளை வகுப்பில் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்துச் சேர்ந்து உட்கார்ந்து சம் போடு. ஒருவருக்கு ஒருவர் விளக்கும்போதுதான் பாடம் ஏறும்.

அப்பாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடு. 11 என்ற எண்ணை மட்டும் சொல்லாதே, 17, 12, 10 என்று பிரித்துக் காட்டு. எங்கே போனது, எப்படித் திரும்ப எடுக்கப்போகிறாய் என்று அவருக்குத் தெரியட்டும். இரும்புச் சட்டத்தில் ஒரு நூல் அளவு பிசகினால் ஒரு வரிசை முழுவதும் பிசகும் என்பதும், பிசகு எங்கே என்று தெரிந்துவிட்டால் சரிசெய்யலாம் என்பதும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசி முடித்த கையோடு கிணற்றைச் சுற்றிக் கல் பதிக்கும் கணக்கையும் அவரிடம் கேட்டு எழுதிக்கொள். முதல் வரிசைக் கல்லின் அகலம் என்ன, மூன்றாவது வரிசையில் என்ன என்று அளவோடு எனக்கு அனுப்பு. அடுத்த இன்டர்னல் தாளையும் சேர்த்து அனுப்பு, 11-ஐப் பார்த்தது போலவே அதையும் வரி வரியாகப் பார்க்கிறேன்.